கோடு அறியாக் குழந்தைகள்: ஆட்டிசப் பெற்றோர் சங்கங்களும் தலித் குடும்பங்களும்

தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு ஒரு நீண்ட பெயர் வழங்குகிறது: 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்'. உண்மை இதற்கு நேர்மாறானது. ஆட்டிசம் உடையோரில் பலரைப் புற உலகம் அளவு மீறித் தாக்குகிறது. குழல் விளக்கின் ரீங்காரம், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில், புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி உரசல் என நமக்குப் பொருட்டாகவே படாதவை அவர்களைக் காதைப் பொத்திக்கொண்டு அலற வைக்கும். உலகத்தைப் பற்றிய சிந்தனை இல்லாதவர் என்று அவர்களுக்குப் பெயர் சூட்டியவர்கள், அந்த அலறலை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். பிறர் சூட்டிய பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த மக்களுக்கு, ஒரு தவறான பெயர் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெயரைத் திருத்துவது எளிது. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. ஆட்டிசத்தை உலகெங்கும் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்ததில் மருத்துவர்களைவிடவும் அரசுகளைவிடவும் பெற்றோர் சங்கங்களுக்கே பெரும்பங்கு உண்டு. அந்தச் சங்கங்கள் எங்கே தோன்றின, யாரால் தோன்றின, அவற்றின் வாசலுக்குத் தலித் குடும்பங்கள் வந்து சேர முடியாமல் தடுப்பவை எவை என்பதே அக்கேள்வி.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுதல், புலன்களின் கூர்மை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவற்றில் அது வெளிப்படும். சிலர் வாழ்நாள் முழுதும் வாய்திறந்து பேசமாட்டார்கள். சிலர் ஆய்வாளராக, பொறியாளராகப் பணிபுரிவர். அது தொற்றாது, சாபமோ, வளர்ப்பின் குற்றமோ, மருந்தால் 'குணமாகும்' நோயோ இல்லை. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்த விகிதத்துக்குச் சாதியும் தெரியாது, வருமானமும் தெரியாது.

ஆயினும் நெடுங்காலம் இது 'படித்த வீட்டுப் பிள்ளைகளின் நோய்' என்றே கருதப்பட்டது. அக்கருத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1943இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசம் குறித்த நவீன மருத்துவ ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அக்குழந்தைகள் அனைவரும் மிகுந்த அறிவுடைய பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்று கன்னர் குறித்தார். அப்பெற்றோரிடம் அன்பின் கதகதப்புக் குறைவு என்றும் எழுதினார். முதல் கூற்றிலிருந்து வர்க்கக் கட்டுக்கதை பிறந்தது. இரண்டாவதிலிருந்து அதைவிடக் கொடிய ஒன்று பிறந்தது: தாயின் குளிர்ந்த மனமே குழந்தையை ஆட்டிசத்துக்குள் தள்ளுகிறது என்னும் கோட்பாடு. 1967இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தம் பிள்ளையின் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்ப வைக்கப்பட்டார்கள்.

இதை எதிர்த்துத் தொடக்கத்திலேயே எழுந்தவர்கள் பெற்றோர். 1962இல் லண்டனில் சில பெற்றோர் கூடி அமைத்த சங்கமே இன்று பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கமாக வளர்ந்து நிற்கிறது. அமெரிக்காவில் ஆட்டிசம் உடைய ஒரு சிறுவனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், தாயைப் பழிக்கும் கோட்பாட்டை 1964இல் தம் நூலில் தகர்த்தார். அடுத்த ஆண்டே அங்கும் பெற்றோர் சங்கம் உருவானது. லண்டன் சங்கத்தை நிறுவியோரில் ஒருவர் லோர்னா விங். அவர் மனநல மருத்துவர். ஆட்டிசம் உடைய ஒரு பெண்ணின் தாய். தென் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து அவர் நடத்திய கணக்கெடுப்பு, மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணவில்லை. அப்பகுதிக் குழந்தைகளிடையே நேரடியாகத் தேடியது. 1980இல் அவர் வெளியிட்ட கட்டுரை வர்க்கக் கட்டுக்கதைக்கு விடை சொன்னது. மேல்வர்க்கத்தில் ஆட்டிசம் அதிகம் என்று தோன்றியதற்குக் காரணம், மேல்வர்க்கத்தினர்தான் சிறப்பு மருத்துவரின் கதவு வரை வந்தார்கள் என்பதே. கதவுக்கு வெளியே போய் எண்ணியபோது அந்த வேறுபாடு கரைந்துபோனது.

அந்தக் கதவை நினைவில் நிறுத்திக்கொண்டு டெல்லிக்கு வருவோம். 1991இல் மெர்ரி பருவா, ஆட்டிசம் உடைய தம் மகனுக்காகத் தொடங்கிய தேடல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பாக உருப்பெற்றது. இந்தியாவில் குழந்தை மருத்துவர்களில் பலரே அச்சொல்லைக் கேட்டறியாத காலம் அது. 1994இல் அவ்வமைப்பு ஒரு பள்ளியையும் ஓர் இதழையும் தொடங்கியது. பின்னர், தாயும் பிள்ளையும் ஒன்றாக வந்து தங்கிப் பயிலும் திட்டத்தையும் நடத்தியது. சிகிச்சையாளரின் அறைக்குள் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே நாற்காலியில் காத்திருக்கும் பெற்றோரை, பிள்ளையின் முதன்மை ஆசிரியராக மாற்றுவதே அதன் நோக்கம். இத்தகைய சங்கங்களின் உண்மையான பணி அங்கேதான் இருக்கிறது. பிள்ளை ஏன் அலறுகிறது என்பதை இன்னொரு தாய் விளக்கும்போது, அதுவரை அவள் சுமந்த பழி இறங்குகிறது. எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பம், எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், பதின்வயதில் என்ன எதிர்பார்க்கலாம், தமக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பவற்றை எல்லாம் பெற்றோர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகை இயலாமைகளை மட்டுமே ஏற்றது; ஆட்டிசம் அதில் இல்லை. பெற்றோர் அமைப்புகளின் தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பிறகு, 1999இல் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசம் உட்பட 21 வகைகளை ஏற்றது.

சட்டம் ஒதுக்கிவைத்த நாற்காலி

இவ்விரு சட்டங்களும் காகிதத்தில் தருபவை குறைவானவை அல்ல. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்டால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடங்கள், அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் அறிவுசார் குறைபாடு, மனநோய், பன்முகக் குறைபாடு முதலியவற்றோடு பகிர்ந்துகொள்ளும் 1 விழுக்காடு ஆகியவை உண்டு. அரசு நில ஒதுக்கீட்டிலும் வீட்டுத் திட்டங்களிலும் 5 விழுக்காடு உண்டு. நிலமற்ற மக்களுக்கு இதன் பொருள் பெரிது, ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் அரிது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவையும் தொடர் சிகிச்சையையும் ஏற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, பொதுப்பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. அப்பிரிவின் தலைப்பிலேயே 'வன்கொடுமை' என்ற சொல் உள்ளது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு அதன் சொற்கள் பழக்கமானவையாகவே ஒலிக்கும்.

ஆனால் பெற்றோர் சங்கத்துக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இடம் இவற்றிலிருந்து வேறானது. 18 வயது கடந்தும் தாமே முடிவெடுக்க இயலாத ஒருவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட அளவிலான குழு. அக்குழுவில் மூவர்: மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பொன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். பாதுகாவலர் நியமனம் கோரிப் பெற்றோரும் உறவினரும் விண்ணப்பிப்பதுபோல், பதிவுபெற்ற அமைப்பும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் சங்கமும் அவ்வாறு பதிவுபெறத் தகுதியுடையதே. ஆக, சங்கம் என்பது ஆறுதலுக்குக் கூடும் இடம் மட்டுமன்று; ஒருவரது நிலம், வங்கிக் கணக்கு, வாழுமிடம் ஆகியவை யார் கைக்குப் போகும் என்று தீர்மானிக்கும் மேசையில் அதற்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் யார் அமர்கிறார்கள் என்பது சாதியின் கேள்வியாகவும் ஆகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. வறுமை, பேறுகாலக் கவனிப்பின்மை, ஆபத்தான உழைப்பு ஆகியவை இவ்வேறுபாட்டில் பேசுகின்றன. அக்கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே கிடையாது. எண்ணப்படாதவர்களுக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

எண்ணப்படுவதற்கான வழியோ நீளமானது. அங்கன்வாடியில் யாரேனும் கவனிக்க வேண்டும். அரசு மருத்துவமனைக்கு, பின் மாவட்டத் தலைநகரின் மையத்துக்குப் போக வேண்டும். 40 கூறுகளைக் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். மருத்துவக் குழுவின் சான்று, பிறகு அடையாள அட்டை. ஒவ்வொரு படியும் ஒரு நாள் கூலி. அளவுகோலின் முதல் கூறுகளில் ஒன்று, குழந்தை கண்ணோடு கண் பார்க்கிறதா என்பது. அதிகாரமுள்ளவர் முன் தலைகுனிந்து நிற்கும்படி பழக்கப்பட்ட வீட்டுக் குழந்தை பேசாமல் நின்றால், அது அடக்கம், அச்சம், 'படிப்பு வராத பிள்ளை' என்றே பள்ளியில் வாசிக்கப்படும். வேறொரு வீட்டில் மருத்துவரிடம் ஓட வைக்கும் அதே மௌனம், சேரியிலிருந்து வரும் குழந்தையிடம் இயல்பாகக் கொள்ளப்படுகிறது. விங் கண்ட கதவு இங்கே சாதியின் மரத்தால் செய்யப்பட்டிருக்கிறது.

தாய் காக்கும் எல்லை

இனிச் சொல்லப்போவது ஆட்டிச அமைப்புகளின் கையேடுகளில் நான் எங்கும் காணாதது.

ஆட்டிசத்தின் மையக் கூறுகளில் ஒன்று, எழுதப்படாத சமூக விதிகளைத் தானாக உணர்ந்துகொள்ள இயலாமை. யாரிடம் எவ்வளவு நெருங்கி நிற்பது, எப்போது பேச்சை நிறுத்துவது என்பவற்றை மற்றவர்கள் காற்றிலிருந்தே கற்றுக்கொள்வார்கள். ஆட்டிசம் உடையவருக்கு அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். சாதியும் பெரும்பாலும் எழுதப்படாத விதிகளால் ஆனதே. எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம், எந்தத் தேநீர்க் கடையில் எந்தக் குவளை, கோயில் வாசலில் எவ்விடத்தில் நிற்பது, எந்தக் குழாயில் நீர் பிடிப்பது. எவரும் பலகையில் எழுதி வைக்காத இவ்விதிகளை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. மீறினால் தண்டனை உண்டு. தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்காகக் குழந்தைகள் அடிபட்ட செய்திகளை வாசகர்கள் அறிவார்கள்.

ஆட்டிசம் உடைய குழந்தைகளில் பலர் கண் அசந்த நேரத்தில் வீட்டைவிட்டு நழுவிச் சென்றுவிடுவர். நீர்நிலைகள் அவர்களில் பலரை ஈர்க்கும். தாகமெடுத்தால் கண்முன் இருக்கும் குடத்தில் குடிப்பார்கள். பிடித்த நிறத்தைக் கண்டால் போய்த் தொடுவார்கள். திறந்த கதவுக்குள் நுழைவார்கள். நகரத்து அடுக்ககத்தில் இது தொல்லை. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், தலித் குழந்தைக்கு இது உயிராபத்து. 10 வயதில் 'பாவம், விவரம் தெரியாத பிள்ளை' என்று மன்னிக்கப்படுவது, 17 வயது இளைஞன் ஊர்த் தெருவில் ஒரு பெண்ணின் துப்பட்டாவைத் தொட்டுப் பார்க்கும்போது மன்னிக்கப்படாது. அந்தத் தாய் தன் பிள்ளையை மட்டும் காவல் காப்பதில்லை. அவள் கிழிக்காத ஒரு கோட்டையும் சேர்த்தே காவல் காக்க நேர்கிறது. அவள் வேலைக்குப் போக முடியாமல் போவதற்கு இதுவும் காரணம்.

சிகிச்சையாளர்கள் 'சமூகத் திறன்' கற்பிக்கச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் வணக்கம் சொல், கண்ணைப் பார்த்துப் பேசு, உன் முறைக்குக் கேள். நல்ல பாடங்கள்தான். ஆனால் எந்தச் சமூகத்தின் திறன்? பிள்ளையின் உயிரைக் காப்பதற்காகக் கோடு எங்கே இருக்கிறது என்று தாய் கற்பித்தால், வீட்டுக்குள்ளேயே தீண்டாமையைப் பாடமாக நடத்தியவளாகிறாள். கற்பிக்காவிட்டால் பிள்ளை தெருவில் தனியே நிற்கும். இந்த இக்கட்டைச் சொல்லி அழவேனும் ஓர் இடம் அவளுக்கு வேண்டும். பெருநகர அரங்கில் ஆங்கிலத்தில் நடக்கும் பெற்றோர் கூட்டம் அந்த இடமாகாது. அங்கிருப்போர் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல. அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டைத் தம் பிள்ளையின் காலடியில் கண்டதில்லை.

இதே இக்கட்டை வேறொரு மண்ணில் எதிர்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்குப் பயன்படும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009இல் கமில் புரோக்டர் என்னும் கறுப்பினத் தாய், 'கலர் ஆஃப் ஆட்டிசம்' அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏற்கெனவே இருந்த ஆதரவுக் குழுக்களில் தம் அச்சங்கள் பேசுபொருளாவதில்லை என்பதே அதற்குத் தூண்டுதல். அந்த அச்சங்களுக்கு ஆதாரம் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வு 584 கறுப்பினக் குழந்தைகளை ஆராய்ந்தது. பெற்றோர் முதன்முதலாகக் கவலை தெரிவித்ததிலிருந்து ஆட்டிசம் உறுதிசெய்யப்படும் வரை அவர்கள் காத்திருந்த காலம், சராசரியாக 3 ஆண்டுகளுக்கும் மேல். அதற்கு முந்தைய ஆய்வுகள், கறுப்பினக் குழந்தைகளுக்கு முதலில் 'நடத்தைக் கோளாறு' போன்ற முத்திரைகளே குத்தப்படும் போக்கைக் காட்டியிருந்தன. பரிசோதனை பரவலான பின், 2023இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கில், வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளிடையே ஆட்டிசம் கண்டறியப்படும் விகிதம் முதன்முறையாக அதிகமாயிற்று. அக்குழந்தைகள் புதிதாகத் தோன்றவில்லை, புதிதாகக் காணப்பட்டார்கள்.

அங்கும் ஒரு கோடு உண்டு. அதைக் காப்பது காவல்துறை. 2016 ஜூலையில் வடக்கு மயாமியில், பராமரிப்பு இல்லத்திலிருந்து வெளியேறிய ஆட்டிசம் உடைய இளைஞர் ஒருவர் கையில் பொம்மை லாரியுடன் சாலையில் அமர்ந்திருந்தார். அவரை அழைத்துவரச் சென்ற கறுப்பினப் பணியாளர் சார்லஸ் கின்சி, தரையில் படுத்துக் கைகளை உயர்த்திக் காட்டியபடி, அது பொம்மை என்று கூவினார். காவலரின் குண்டு அவர் காலில் பாய்ந்தது.

இந்திய நீதிமன்றங்களும் இக்குறுக்குவெட்டைக் கண்டிருக்கின்றன. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் (பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, 2021), சாதி, பாலினம், இயலாமை ஆகியவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒடுக்குவதை உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. மாற்றுத்திறனாளி உலகோடு வேறு விதமாக உறவாடுகிறார் என்பதற்காக அவரது சாட்சியம் தாழ்ந்ததாகாது என்றது. வாய்திறந்து பேசாத ஆட்டிசம் உடையோருக்கும் இவ்வரி முக்கியமானது. ஆனால் அதே தீர்ப்பில், பாலியல் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை உறுதியானது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியான தண்டனையோ, சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பது நிறுவப்படவில்லை என்று நீக்கப்பட்டது. மூன்று ஒடுக்குமுறைகளையும் ஒன்றாகக் காணத் தெரிந்த நீதிமன்றத்தாலும், அன்றைய சட்டத்தின் சொற்களையும் பதிவான சாட்சியத்தையும் தாண்ட இயலவில்லை.

சேரியில் ஒரு பெற்றோர் சங்கம் சாத்தியமா? நிபுணர்கள் இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், சிறப்புப் பட்டம் பெறாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்றுப் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். குழந்தையின் குறிப்பறிந்து பெற்றோர் பதிலளிப்பது தெளிவாக மேம்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சித் திட்டமும் நிபுணர் அல்லாதோர் நடத்தும்படியே வகுக்கப்பட்டது: 9 குழு அமர்வுகள், 3 வீட்டு வருகைகள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களுக்கான தொடக்கநிலைப் பயிற்சியைக் கிராமத்து வீடுகளுக்கே கொண்டுசெல்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வாசலுக்கு வருகிறார்கள். அந்தப் பணியாளர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர், எந்த வீட்டுத் திண்ணை வரை வருவார் என்பதையும் திட்டமிடுவோர் கேட்டாக வேண்டும்.

பெற்றோர் சங்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கலாகாது. 1992இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உடையோர் தாமே ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம் சின்க்ளேர், எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று பெற்றோரை நோக்கி 1993இல் எழுதினார். அன்பினால் பேசுபவரும் பிறர் சார்பில் பேசுபவரே. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியமளித்த அம்பேத்கர், கருத்துகள் பிரதிநிதித்துவம் பெற்றால் போதாது, அந்த மக்களே நேரில் பிரதிநிதித்துவம் பெற வேண்டும் என்று வாதிட்டார். மாவட்டக் குழுவின் மூன்றாவது நாற்காலி மாற்றுத்திறனாளி ஒருவருக்கானது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கம் அமைக்க 7 பேர் போதும். தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற அதற்கு மேலும் ஆவணங்களும் தணிக்கை செய்த கணக்குகளும் வேண்டும். அவை கூலிக்குப் போகும் தாய்மாரால் தனித்து முடிக்கக்கூடிய வேலைகள் அல்ல. படிவம் நிரப்பவும், கணக்கு எழுதவும், ஆட்சியர் அலுவலகத்துக்கு உடன்வரவும் தெரிந்தவர்கள் தலித் இயக்கங்களில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நிலப் பட்டாவுக்கும் வன்கொடுமை வழக்குக்கும் அவர்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள். ஆட்டிசம் உடைய பிள்ளையின் தாய் அவர்களிடம் இதுவரை வராமலிருந்தால், இதுவும் அவர்களுடைய வேலைதான் என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும்.